பம்பிங் 60 சதவீதம்: இதயம் தன் பலத்தை எப்படி அளந்துகொள்கிறது

படபடப்பாக இருக்கிறது என்று சித்தப்பா போன மாதம் எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் பரிசோதனை) எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ரிப்போர்ட்டை மடித்து மடித்துப் பிடித்ததில் அதன் ஓரம் நைந்து போயிருந்தது. "பம்பிங் அறுபது பெர்சென்ட்தான் இருக்காம்மா. மீதி நாற்பது போயிடுச்சு போல" என்றார். குரல் கம்மியிருந்தது. இரண்டு நாளாக மாடிப்படி ஏறவில்லை, சரியாகத் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார்.

அறுபது என்பது நன்றாக வேலை செய்கிற இதயத்தின் அளவு. அதைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. நூற்றுக்கு அறுபது எப்படி நல்ல மார்க் ஆகும் என்பது அவர் கேள்வி. நான் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தப் பயத்தை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். 'இதயம் வீக்', 'பம்பிங் கம்மி', 'நாடி வேகமா ஓடுது' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறோம். இதயத்தின் பலம் எங்கிருந்து வருகிறது, யார் அதைக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபது என்பது மார்க் இல்லை

இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவருக்கு, சுருங்கத் தொடங்கும் முன் அந்த அறையில் ஏறக்குறைய 120 மில்லி ரத்தம் நிறைந்திருக்கும். ஒரு துடிப்பில் அதில் சுமார் 70 மில்லி வெளியே போகும். டீக்கடைக் கிளாஸில் முக்கால் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50 மில்லி உள்ளேயே தங்கிவிடும்.

120-இல் 70 என்பது 58 சதவீதம். ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்று இருப்பதும், நாம் 'பம்பிங்' என்று சொல்வதும் இந்தக் கணக்கைத்தான். தமிழில் வெளியேற்ற விகிதம் எனலாம். பொதுவாக 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40-க்கும் கீழே இறங்கினால் பம்பிங் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். நூறு யாருக்கும் இருக்காது, இருக்கவும் வேண்டாம். உள்ளே தங்குகிற அந்த 50 மில்லி வீணாகக் கிடப்பதில்லை. திடீரென்று பேருந்தைப் பிடிக்க ஓடினால், இதயம் இன்னும் இறுக்கிச் சுருங்கி அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அனுப்பும். அது கையிருப்பு.

வேகம் வேறு, பலம் வேறு

நாடி வேகமாக ஓடினால் இதயம் பலமாக அடிக்கிறது என்று நினைக்கிறோம். வேகமும் பலமும் இரண்டு தனித்தனி விஷயங்கள். கிராமத்து அடிபம்பை நினைத்துப் பாருங்கள். சின்னப் பையன் கைப்பிடியைப் படபடவென்று ஆட்டுவான், குடத்தில் கொஞ்சம்தான் விழும். அவன் அம்மா வந்து நிதானமாக, கைப்பிடியை முழுதாகத் தூக்கி முழுதாக இறக்குவார், குடம் நிறைந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓய்வில் நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லி. மொத்தம் கிட்டத்தட்ட 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை முழு ரத்தமும் இதயத்தைக் கடந்து போகிறது. நல்ல உடற்பயிற்சி உள்ள ஒரு இளைஞர் முழு மூச்சாக ஓடும்போது இது 20 லிட்டரைத் தொடும். அப்போது துடிப்பு 180 இருக்கலாம். 180-ஐ 70 மில்லியால் பெருக்கினால் 12.6 லிட்டர்தான் வரும். மீதி 7 லிட்டருக்கு மேல் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு துடிப்பும் 70 மில்லியிலிருந்து 110 மில்லிக்கு மேல் ஏறியதால் வந்தது. இத்தனைக்கும் துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. நேரம் குறைந்தும் அளவு எப்படிக் கூடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கைக்கு இருக்கும் வழி இதயத்துக்கு இல்லை

காபி டம்ளரைத் தூக்குகிற அதே கைதான் தண்ணீர்க் குடத்தையும் தூக்குகிறது. டம்ளருக்குக் கைத்தசையின் இழைகளில் கொஞ்சம் பேர் வேலை செய்தால் போதும், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். குடத்துக்கு மூளை அதிக இழைகளைக் கூப்பிடும். ஆள் கூட்டினால் பலம் கூடும்.

இதயத்தில் இது நடக்காது. இதயத் தசையின் செல்கள் ஒன்றோடொன்று மின்சாரம் கடக்கும்படி கோத்து வைக்கப்பட்டவை. ஒரு துடிப்புக்கான மின்சைகை கிளம்பினால் அது எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேரும், எல்லாச் செல்லும் சுருங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் மொத்த ஊரும் வேலைக்கு வந்துவிடுகிறது. ஹென்றி பௌடிச் என்ற அமெரிக்கர் 1871-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தவளையின் இதயத்தை வைத்து இதைக் காட்டினார். தூண்டலைக் கூட்டினாலும் இதயம் அதற்காகக் கூடுதலாகச் சுருங்கவில்லை. சுருங்கினால் முழுதாகச் சுருங்கியது, இல்லாவிட்டால் சும்மா இருந்தது.

ஆகவே கூடுதல் ஆளைக் கூப்பிட வழியே இல்லை. வந்திருக்கிற ஒவ்வொருவரும் இன்னும் அழுத்தி இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வழி.

தேர் வடமும் கால்சியமும்

ஒரு செல் எப்படி 'இழுக்கிறது'? தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வடம், அதைப் பற்றி இழுக்கிற கைகள். செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதம் வடம். மயோசின் என்ற புரதத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள்தான் கைகள். கைகள் வடத்தைப் பற்றும், இழுக்கும், விட்டுவிட்டு மறுபடி பற்றும். ஆயிரக்கணக்கில் இது சேர்ந்து நடக்கும்போது செல் குறுகுகிறது. அதைத்தான் சுருக்கம் என்கிறோம்.

ஆனால் இந்த வடத்துக்கு ஒரு உறை உண்டு. உறை மூடியிருக்கும்போது கைகளால் பற்ற முடியாது. உறையை விலக்குகிற சாவி கால்சியம். கால்சியம் வந்து உட்காரும் இடம் ட்ரோபோனின் என்ற புரதம். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 'ட்ராப் டெஸ்ட்' எடுக்கச் சொல்கிறார்களே, அந்த ட்ரோபோனின் இதுதான். இதயச் செல் சேதமானால் அது ரத்தத்தில் கசியும், அதைப் பார்க்கத்தான் அந்தப் பரிசோதனை.

ஒவ்வொரு துடிப்பிலும் மின்சைகை வந்ததும் செல்லின் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழைகிறது. அது போய், செல்லுக்குள்ளேயே இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் தட்டுகிறது. கிடங்கு திறந்து நிறையக் கால்சியம் கொட்டுகிறது. உறை விலகுகிறது, கைகள் இழுக்கின்றன. பிறகு கால்சியம் மறுபடி கிடங்குக்குள் இறைக்கப்பட, உறை மூடி, செல் தளர்கிறது. இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

முக்கியமான இடம் இது. ஓய்வில் இருக்கும்போது கொட்டுகிற கால்சியம் எல்லா உறையையும் விலக்கப் போதாது. பற்றாத கைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. கால்சியம் கூடக் கொட்டினால் இன்னும் பல கைகள் பற்றும், பலம் கூடும். ஆள் எண்ணிக்கையைக் கூட்ட முடியாத இதயம், பற்றுகிற கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது.

கால்சியத்தின் இந்தப் பங்கு தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த உப்புநீர் வடித்த நீரில் கரைத்தது அல்ல, குழாய்த் தண்ணீரில் கரைத்தது என்று. சுத்தமான வடித்த நீரில் கரைத்துப் பார்த்தால் இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் 'ஆர்.எல்.' பாட்டில் ஏற்றுகிறார்களே, அது ரிங்கர் லாக்டேட். அந்த ரிங்கர் இவர்தான்.

இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருத்தி கேட்பாள்: "அப்போ கால்சியம் மாத்திரை போட்டா ஹார்ட் ஸ்ட்ராங் ஆகுமா மேடம்?" ஆகாது. ரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடம்பு ஒரு குறுகிய எல்லைக்குள் கட்டிக் காக்கிறது. ஒரு துடிப்பின் பலத்தைத் தீர்மானிப்பது, செல்லுக்குள் அந்த நொடியில் எவ்வளவு கால்சியம் திறந்துவிடப்படுகிறது என்பதும், அதை ட்ரோபோனின் எவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்பதும்தான்.

இதுவரை பார்த்தது: இதயத்தில் எல்லாச் செல்லும் எல்லாத் துடிப்பிலும் வேலை செய்கின்றன. பலத்தைக் கூட்ட, ஒவ்வொரு செல்லிலும் அதிகக் கைகள் வடத்தைப் பற்ற வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கிற கால்சியத்தையே நன்றாகப் பயன்படுத்துவது. இன்னொன்று, கால்சியத்தையே கூட்டிவிடுவது.

வருகிற ரத்தம் இடும் கட்டளை

முதல் வழியை இதயம் யாரையும் கேட்காமல் தானே செய்துகொள்கிறது. அதிக ரத்தம் வந்து நிறைந்தால் இதயச் சுவர் கூடுதலாக இழுபடும். கூடுதலாக இழுபட்ட தசை, அடுத்த சுருக்கத்தில் கூடுதல் பலத்தோடு சுருங்கும். அதிகம் வந்தால் அதிகம் அனுப்பும், குறைவாக வந்தால் குறைவாக அனுப்பும். ஜெர்மனியின் ஆட்டோ ஃபிராங்க் 1895-இல் தவளை இதயத்தில் இதைக் காட்டினார். இங்கிலாந்தின் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1914-இல் நாயின் இதயத்தையும் நுரையீரலையும் வைத்து, உள்ளே வரும் ரத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து இதை உறுதிப்படுத்தினார். ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் பலமாகத் திரும்புவது போல என்று இதை விளக்குவார்கள். தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ரப்பர், இழுத்தவர் கொடுத்த சக்தியைத்தான் திருப்பித் தருகிறது. இதயத் தசை அப்படியில்லை. இழுபடும்போது வடமும் கைகளும் ஒன்றுக்கொன்று இன்னும் வாகாக அமைகின்றன. ட்ரோபோனினும் அதே அளவு கால்சியத்தை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கூடுதல் கைகள் பற்றுகின்றன.

இந்த விதி இல்லாவிட்டால் நாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டோம். வலது பக்க இதயம் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் நுரையீரலிலிருந்து வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. வலது பக்கம் துடிப்புக்கு வெறும் 1 மில்லி கூடுதலாக அனுப்புகிறது, இடது பக்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 மில்லி நுரையீரலில் தேங்கும். ஒரு மணி நேரத்தில் 4.2 லிட்டர். உடம்பின் ரத்தம் கிட்டத்தட்ட முழுவதும் நுரையீரலில் நிற்கும். நிஜத்தில் என்ன நடக்கிறது? அந்த 1 மில்லி கூடுதலாக வந்ததும் இடது கீழறை ஒரு இம்மி அதிகம் இழுபடுகிறது, அடுத்த துடிப்பிலேயே அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. மூளைக்குச் செய்தி போகவில்லை, எந்த நரம்பும் கட்டளை கொண்டுவரவில்லை. பல வருடம் சொல்லிக்கொடுத்தும் இந்த இடம் வரும்போது எனக்கு மனசு நெகிழ்கிறது.

'ஒரு துடிப்பு நின்னு, திம்முன்னு அடிக்குது'

சித்தப்பாவின் படபடப்பும் இதோடு சேர்ந்ததுதான். "திடீர்னு ஒரு துடிப்பு நின்னுட்டு, அப்புறம் திம்முன்னு நெஞ்சுல அடிக்குது" என்றார். பலருக்கும் எப்போதாவது இப்படி வரும்.

நடப்பது இது. ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிடுகிறது. அறை நிறைய நேரம் கிடைக்கவில்லை. உள்ளே கொஞ்சம் ரத்தம்தான் இருக்கிறது, சுவர் இழுபடவில்லை, அதனால் அந்தத் துடிப்பு பலமில்லாமல் போகிறது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் அது தெரியாமலேகூடப் போகலாம், அதைத்தான் 'நின்னுட்டு' என்கிறோம். அதன் பிறகு வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி. அறை நன்றாக நிறைகிறது, கிடங்கிலும் கால்சியம் கூடுதலாகச் சேர்கிறது. அடுத்த துடிப்பு பலமாக வருகிறது. அதுதான் அந்த 'திம்'. அடிக்கடி வந்தாலோ, தலைசுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலியோடு வந்தாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நரம்பும் அட்ரினலினும்

இரண்டாவது வழியில் கட்டளை வெளியிலிருந்து வருகிறது. கழுத்து ரத்தக்குழாயிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். இதயத்துக்கு வருவது குறையும், ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதிப்படி அனுப்புவதும் குறையும், அழுத்தம் இறங்கும். அந்த முனைகள் உடனே மூளைத்தண்டுக்குச் சொல்லும். அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாக இதயத்துக்கு உத்தரவு வரும். பயம், கோபம், ஓட்டம் எல்லாவற்றிலும் விழித்துக்கொள்ளும் நரம்புகள் இவைதான்.

பரிவு நரம்பின் முனையிலிருந்து நார்அட்ரினலின் கசிகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வருகிறது. இரண்டும் இதயச் செல்லின் மேல் இருக்கும் பீட்டா ஏற்பி என்ற பூட்டில் பொருந்துகின்றன. பொருந்தியதும் கால்சியம் நுழையும் வாசல் அகலமாகத் திறக்கிறது, கிடங்கிலிருந்தும் அதிகம் கொட்டுகிறது. தசை கூடுதலாக இழுபடாமலே பலம் கூடுகிறது. இப்படிக் கூடும் பலத்துக்குத்தான் மருத்துவர்கள் சுருங்குதிறன் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதன் இன்னொரு பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அட்ரினலின் இதயத்தை வேகமாகத் தளரவும் வைக்கிறது. கால்சியத்தைக் கிடங்குக்குள் திருப்பி இறைக்கும் வேலையையும் அது முடுக்கிவிடுகிறது. துடிப்பு 180-இல் ஓடும்போது ஒரு துடிப்புக்கு மூன்றில் ஒரு நொடிதான் கிடைக்கும். அதற்குள் சுருங்கவும் வேண்டும், தளர்ந்து நிறையவும் வேண்டும். தளர்வது தாமதமானால் நிறையாது, நிறையாவிட்டால் அனுப்ப எதுவும் இருக்காது.

இதயத்தை அடக்கும் நரம்பும் ஒன்று உண்டு, வேகஸ். அது பெரும்பாலும் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. கீழறையின் பலத்தில் அதன் கை அவ்வளவாக இல்லை. வேகமும் பலமும் தனித்தனி என்பதற்கு உடம்பே வைத்திருக்கும் சாட்சி இது.

சுருக்கமாக: வருகிற ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பலத்தைச் சரிசெய்கிறது. நரம்பு சில நொடிகளில் அதன் மேல் கூட்டிக் குறைக்கிறது. ரத்தத்தில் வரும் அட்ரினலின் இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்து, கூடுதல் நேரம் தங்குகிறது.

விரட்டினால் போதுமா?

அப்படியென்றால் பலவீனமான இதயத்துக்குப் பலத்தைக் கூட்டும் மருந்து கொடுத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. மில்ரினோன் என்ற மருந்து செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டிச் சுருக்கத்தைப் பலமாக்கும். கடுமையான இதயச் செயலிழப்பு (உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை) உள்ளவர்களுக்கு அதை மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகமாக இருந்தது.

நேர்மாறான கதையும் உண்டு. பீட்டா ஏற்பியை அடைத்து அட்ரினலினைத் தடுக்கும் மருந்துகள் பீட்டா பிளாக்கர்கள். அவற்றை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். பலவீனமான இதயத்துக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது என்பது அன்றைய பாடம். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் துணிந்து கொடுத்துப் பார்த்து, சில நோயாளிகள் தேறியதை 1975-இல் எழுதினார்கள். நம்புவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தது. இன்று, பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்புக்கு அவை அடிப்படை மருந்துகளில் ஒன்று.

காரணம் புரியக் கூடியதுதான். பலவீனமான இதயத்தைக் காப்பாற்ற உடம்பே பரிவு நரம்பை இரவும் பகலும் முடுக்கிக்கொண்டிருக்கும். ஓடிக் களைத்த மாட்டை மேலும் மேலும் சாட்டையால் அடிப்பது போன்றது அது. கொஞ்ச தூரம் ஓடும், பிறகு விழும். பீட்டா பிளாக்கர் அந்தச் சாட்டையைப் பிடுங்கிவிடுகிறது. மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பல மாதங்களில் பம்பிங் உயர்வதையே பார்க்கலாம். "இதயத்தை அடக்குற மாத்திரையாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

நரம்பு இல்லாத இதயம்

இரண்டு வழிகளும் தனித்தனி என்பதைக் கண்ணால் பார்க்க ஓரிடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனித இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். மாற்று இதயத்தைப் பொருத்தும்போது ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்க முடியும். நரம்புகளை இணைக்க முடியாது. அந்த இதயத்துக்கு வேகஸும் இல்லை, பரிவு நரம்பும் இல்லை. வேகஸின் கடிவாளம் இல்லாததால் ஓய்விலேயே அது 90, 100 என்று ஓடும்.

அதை வைத்துக்கொண்டும் மாற்று இதயம் பெற்றவர்கள் படி ஏறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஏறத் தொடங்கியதும் கால்தசைகள் பிழிந்து அனுப்பும் ரத்தம் இதயத்துக்குக் கூடுதலாக வருகிறது. சுவர் இழுபடுகிறது, துடிப்பு பலமாகிறது. முதல் படியிலேயே இது தொடங்கிவிடும். நாடி மட்டும் ஏறாது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான், சில நிமிடம் கழித்து, வேகமும் கூடும். உட்கார்ந்த பிறகு அது இறங்கவும் அதே போல நேரம் எடுக்கும். அதனால்தான் மாற்று இதயம் பெற்றவர்களிடம், எந்த உடற்பயிற்சியானாலும் முதலில் சில நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுத் தொடங்குங்கள், முடிக்கும்போதும் சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.